ஆயரும் ஆய்வகமும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வளர்ச்சி உயிரியலில் ஆய்வு செய்கிறேன். அமெரிக்காவில் ஒரு கத்தோலிக்க ஆய்வுப் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியர் வேலை கிடைத்திருக்கிறது. ஆய்வகம் அமைக்கத் தரும் தொகையும் தாராளம். ஆனால் நியமனக் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது: 'பல்கலைக்கழகத்தின் கத்தோலிக்க அடையாளத்தை மதித்து, அதன் பணிக்குப் பங்களிப்பீர்கள் என எதிர்பார்க்கிறோம்.' நான் சைவக் குடும்பத்தைச் சேர்ந்தவன். 'ஆயர் (பிஷப்) நினைத்தால் உன்னை வெளியே அனுப்பிவிடுவார், வாயே திறக்க முடியாது' என்கிறார்கள் நண்பர்கள். இப்படிப்பட்ட இடத்தில் கல்விச் சுதந்திரம் என்று ஒன்று உண்மையில் உண்டா? கையெழுத்துப் போடலாமா?

– பெயர் வேண்டாம், சிகாகோ

அன்புள்ள நண்பருக்கு,

உண்டு. ஆனால் எல்லாருக்கும் ஒரே அளவில் இல்லை. நீங்கள் எந்தத் துறையில் இருக்கிறீர்கள், எந்தத் தாளில் கையெழுத்திட்டீர்கள் என்பதைப் பொறுத்தது அது.

ஆயரைப் பற்றிய பயத்தை விட்டுவிடுங்கள். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 812-ஆம் விதி, இறையியல் கற்பிப்பவர்கள் திருச்சபை அதிகாரியிடம் 'மாண்டேட்டம்' என்ற ஒப்புதலைப் பெறவேண்டும் என்கிறது. அமெரிக்க ஆயர்கள் 2001-இல் வகுத்த நடைமுறையில் இது கத்தோலிக்க இறையியல் ஆசிரியருக்கும் உள்ளூர் ஆயருக்கும் இடையிலான விவகாரம். 'திருச்சபையின் போதனைக்கு முரணானதைக் கத்தோலிக்கப் போதனை என்று சொல்லமாட்டேன்' என்று ஆசிரியர் எழுதித் தருகிறார். ஆயர் எழுத்தில் ஒப்புதல் தருகிறார். உயிரியல் துறைக்கு இதில் வேலையே இல்லை. உங்களை உறுத்தும் அந்த வரி, 1990-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களுக்காக வெளியிட்ட ஆவணத்தின் வழிவந்தது. கத்தோலிக்கர் அல்லாத ஆசிரியர்கள் நிறுவனத்தின் அடையாளத்தை அறிந்து மதிக்கவேண்டும் என்று அது கேட்கிறது. அவர்கள் பெரும்பான்மை ஆகிவிடக்கூடாது என்றும் சொல்கிறது. அது யாரை வேலைக்கு எடுப்பது என்பதைத் தொடும் விதி. நீங்கள் எதை ஆராய்கிறீர்கள் என்பதைத் தொடாது.

உங்கள் நண்பர்கள் சார்லஸ் கரன் வழக்கை மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள் என்று நினைக்கிறேன். அவர் வாஷிங்டனில் உள்ள அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் ஒழுக்க இறையியல் பேராசிரியராக இருந்தவர், குருவும்கூட. கருத்தடை உள்ளிட்ட விஷயங்களில் திருச்சபையின் நிலைப்பாட்டோடு வெளிப்படையாக வேறுபட்டவர். 1967-இல் அவரை நீக்க முயன்றபோது ஆசிரியர்களும் மாணவர்களும் வேலைநிறுத்தம் செய்து பல்கலைக்கழகத்தையே நிறுத்தினார்கள்; நிர்வாகம் பணிந்தது. 1986-இல் வத்திக்கானில் போதனைகளைக் கண்காணிக்கும் அலுவலகத்தின் தலைவர் கர்தினால் ராட்சிங்கர், பின்னாளில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், 'கத்தோலிக்க இறையியல் கற்பிக்க இவர் தகுதியுடையவர் அல்லர்' என்று தீர்ப்பளித்தார். அடுத்த ஆண்டு வகுப்பு எடுக்கத் தடை வந்தது. கரன் நீதிமன்றம் போனார். திருச்சபை அனுமதி என்ற நிபந்தனை தன் ஒப்பந்தத்தில் இல்லை என்பது அவர் வாதம். 1989-இல் நீதிபதி அதை ஏற்கவில்லை. வத்திக்கானோடு அந்தப் பல்கலைக்கழகத்துக்கு உள்ள உறவு கரனுக்குத் தெரியாததல்ல. அங்கிருந்து வரும் முடிவைப் பல்கலைக்கழகம் புறக்கணிக்கும் என்று அவர் எதிர்பார்த்திருக்க முடியாது என்றார். மறு ஆண்டே அமெரிக்கப் பல்கலைப் பேராசிரியர் சங்கம் பல்கலைக்கழகத்தின் மீது கண்டனத் தீர்மானம் போட்டது. கரனுக்கு இழைக்கப்பட்டது அநியாயம் என்பதே என் கருத்து. இருபது வருடம் பாடம் சொல்ல வைத்துவிட்டு, எழுதப்படாத ஒரு நிபந்தனையை ஒப்பந்தத்துக்குள் இருந்ததாகக் கொள்வது எந்த ஆசிரியரையும் அச்சத்தில் வைத்திருக்கும்.

இன்னொரு வழக்கு நேர்மாறாக முடிந்தது. இயேசு சபையின் மார்க்வெட் பல்கலைக்கழகத்தில் அரசியல் பேராசிரியர் ஜான் மெக்ஆடம்ஸ், ஓர் இளம் ஆசிரியரை இணையத்தில் பெயர் சொல்லி விமர்சித்ததற்காக இடைநீக்கம் செய்யப்பட்டார். 2018-இல் விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் 4-2 என்ற கணக்கில் அவர் பக்கம் நின்றது. ஒப்பந்தமே கல்விச் சுதந்திரத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தது, அவ்வளவுதான் காரணம். தனியார் பல்கலைக்கழகத்தை அரசியல் சட்டத்தின் பேச்சுரிமை கட்டுப்படுத்தாது. உங்களைக் காப்பது நியமனக் கடிதமும் ஆசிரியர் கையேடும்தான். கையேடு ஒப்பந்தத்தின் பகுதி என்று கடிதத்தில் இருக்கிறதா, பேராசிரியர் சங்கத்தின் 1940 அறிக்கையைக் கையேடு ஏற்கிறதா என்று பாருங்கள். மத நோக்கத்தால் வரும் கட்டுப்பாடுகளை நியமனத்தின்போதே எழுத்தில் தெளிவாகச் சொல்லவேண்டும் என்பது அந்த அறிக்கையில் உள்ள விதி.

இனி, நீங்கள் கேட்காததற்கு வருகிறேன். உங்களுக்குத் தடை வந்தால் பேச்சில் வராது, செல் வளர்ப்பு அறையில் வரும். மனிதக் கருவை அழித்து எடுத்த ஸ்டெம் செல்களில் செய்யும் ஆராய்ச்சியை வத்திக்கானின் 2008 அறிவுறுத்தல் ஏற்பதில்லை. பல்கலைக்கழகங்கள் இதைக் கடைப்பிடிக்கும் விதம் வளாகத்துக்கு வளாகம் மாறுகிறது. 'நான் ஐபிஎஸ் செல்தானே பயன்படுத்துகிறேன் (வளர்ந்த உடலின் சாதாரணச் செல்லை மாற்றி உருவாக்கும் ஸ்டெம் செல்), அதில் கரு இல்லையே' என்பீர்கள். சரிதான், அதைத் திருச்சபை எதிர்க்கவில்லை. ஆனால் கட்டுரையை அனுப்பியதும் ஆய்விதழின் மதிப்பீட்டாளர் 'ஹெச்9 செல் வரிசையோடு ஒப்பிட்டுக் காட்டுங்கள்' என்று எழுதுவார். ஹெச்9, 1998-இல் விஸ்கான்சினில் கருவிலிருந்து எடுத்தது. அதை வரவழைக்கும் பொருள் பரிமாற்ற ஒப்பந்தத்தில் நீங்கள் மட்டும் கையெழுத்திட முடியாது, பல்கலைக்கழக அலுவலகமும் போடவேண்டும். கோப்பு அங்கே மாதக்கணக்கில் கிடக்கும். பதவி நிரந்தரத்துக்கான கடிகாரம் இதற்காக நிற்காது. மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுபோகப் பயன்படும் லென்டிவைரஸைத் தயாரிக்கும் 293டி செல்களும் 1970-களில் நெதர்லாந்தில் பிறக்காத ஒரு கருச்சிசுவின் சிறுநீரகத்திலிருந்து வந்த வரிசையின் வழித்தோன்றல். அதற்கும் தடை உண்டா என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.

நெருக்கடி எப்போதும் திருச்சபைப் பக்கமிருந்தே வரும் என்றும் எண்ணவேண்டாம். 2017-இல் பெல்ஜியத்தின் லூவென் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில், கருக்கலைப்பைக் கொலை என்று பாடக்குறிப்பில் எழுதிய தத்துவ ஆசிரியர் ஸ்டெஃபான் மெர்சியே இடைநீக்கம் செய்யப்பட்டார். திருச்சபை சொல்வதைத்தான் அவரும் சொல்லியிருந்தார். கரனுக்காகப் பேசுகிறவர்கள் அவருக்காகவும் பேசவேண்டும்.

கையெழுத்துப் போடலாம், டீனுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிய பிறகு. அதில் மூன்று கேள்வி போதும்: எந்தெந்தச் செல் வரிசைகளுக்குத் தடை, எந்தக் கொள்கை ஆவணத்தின்படி? வெளியிலுள்ள கூட்டாளியின் ஆய்வகத்தில் செய்யும் சோதனையை என் பெயரில் வெளியிடலாமா? அந்த 'எதிர்பார்க்கிறோம்' வரி பதவி உயர்வு மதிப்பீட்டில் எப்படிக் கணக்கில் வரும்? சம்பளமும் ஆய்வகப் பணமும் பேசும் அதே வாரத்தில் கேளுங்கள். அப்போதுதான் அவர்களுக்குப் பதில் சொல்ல அவசரம் இருக்கும். துறைத்தலைவர் தொலைபேசியில் 'அதெல்லாம் ஒன்றும் பிரச்சினை இல்லை' என்று சொன்னால், அன்றே அவர் சொன்னதை எழுதி, டீனுக்கும் நகல் போட்டு அனுப்பிவிடுங்கள். துறைத்தலைவர்கள் மூன்று நான்கு ஆண்டில் மாறிவிடுவார்கள். உங்கள் நிரந்தரப் பணிக்கான மதிப்பீடு ஆறாம் ஆண்டில்தான் வரும்.