இதழியல் படிக்கக் கட்டணம் குறைந்த கல்லூரியா, ஸ்டுடியோ உள்ள கல்லூரியா?

கட்டணம் குறைந்த கல்லூரியையே எடுங்கள், அங்கே மாணவர் பத்திரிகை உயிரோடு இருந்தால். மற்றதில் பெரிய ஸ்டுடியோ இருக்கிறது, ஆனால் கடன் வாங்கித்தான் சேர முடியும் என்கிறீர்கள். செய்தித் துறையில் தொடக்கச் சம்பளம் பொதுவாகக் குறைவு, மாதத் தவணை கட்ட வேண்டியிருந்தால் சின்ன ஊடகத்தில் சேர்ந்து வேலை கற்கும் வாய்ப்பைக்கூட விட்டுவிட நேரும்.

நீங்கள் குழம்புவதற்குக் காரணம், இரண்டையும் விளம்பரக் கையேட்டை வைத்து ஒப்பிடுவதுதான் என்று தோன்றுகிறது. கேமரா படத்தில் இருக்கும், முதலாண்டு மாணவர் கைக்கு அது எப்போது வரும் என்று அதில் இருக்காது. மருத்துவம் போல அல்லாமல், இதற்குப் பெரும்பாலான நாடுகளில் பட்டம் சட்டப்படி கட்டாயமும் இல்லை, வேலை கேட்டுப் போனால் நீங்கள் எழுதியதையும் எடுத்ததையும்தான் முதலில் கேட்பார்கள்.

சேருமுன் இதைச் செய்யுங்கள்:

1. மாணவர் பத்திரிகையின் கடைசி மூன்று இதழ்களை வாங்கிப் படியுங்கள். விழா, பரிசளிப்புச் செய்திகள் மட்டுமே இருந்தால் அங்கே நிருபர் வேலை கற்றுத்தரவில்லை என்று அர்த்தம். நகராட்சி, தண்ணீர், விடுதிப் பிரச்சினை என்று யாராவது அலைந்து எழுதியிருந்தால் நம்பலாம்.

2. இறுதியாண்டு மாணவர் இருவரிடம் தனியாகப் பேசுங்கள். பாடம் எடுப்பவர்களில் செய்தியறையில் வேலை பார்த்தவர் யார், பயிற்சிக்கு எங்கே போனார்கள், அப்புறம் ஆய்வகக் கட்டணம் தனியா என்று கேளுங்கள்.

ஒன்று மட்டும், ஒளிப்பதிவோ ஒலிப்பதிவோதான் உங்கள் குறி என்றால் கருவி கையில் கிடைக்கும் நேரம் முக்கியம், கணக்கு மாறும். மேற்படிப்பு எண்ணம் இருந்தால் பட்டத்துக்கு அங்கீகாரம் உண்டா என்பதையும் பார்த்துவிடுங்கள்.