தாத்தா சர்க்காரிடம் எங்கே சிக்கினார்? வேர் தேடும் டெல்லித் தமிழர்களுக்குக் கேள்வி பதில்

ஜன்பத்தில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு நான் அடிக்கடி போவது நம் குழுவில் பாதிப் பேருக்குத் தெரியும். "அங்கே போய் என்னதான் பண்றீங்க?" என்று கேட்டவர்கள் எல்லாம் இப்போது கேள்வி அனுப்பியிருக்கிறார்கள். நான் சரித்திரப் பேராசிரியர் இல்லை, ரிட்டயரான கணக்குப்பிள்ளை. பழைய காகிதத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்காது, அவ்வளவுதான்.

மயூர் விஹாரிலிருந்து ஒரு அம்மா: அமெரிக்காவில் இருக்கும் என் பெண், அங்கே அரசு ஆவணக் காப்பகமே வம்சாவளி தேட இலவசமாகச் சொல்லித் தருகிறது என்கிறாள். இங்கே உண்டா?

பெண் சொல்வது சரிதான். அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் வகுப்புகள் யூடியூபில் வருகின்றன. காசு கிடையாது, நீங்களும் இங்கிருந்தே பார்க்கலாம். தகவலுக்காக இல்லை, தேடும் முறைக்காகப் பாருங்கள். இங்கே அப்படி வரிசையாக வகுப்பு நடந்து நான் பார்த்ததில்லை. ஜூன் 9 சர்வதேச ஆவணக் காப்பக நாள், மார்ச் 11 நம் காப்பகம் பிறந்த நாள் (1891, கல்கத்தாவில்). அதையொட்டிக் கண்காட்சி ஏதும் வைத்தால் விடாதீர்கள். ஆனால் என்னைக் கேட்டால் நிஜமான இலவச வகுப்பு வாசிப்பு அறைதான். பக்கத்து மேஜைக்காரரிடம் மெதுவாகக் கேட்டால் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

கரோல் பாக் வாசகர்: நேராகப் போனால் உள்ளே விடுவார்களா?

அடையாள அட்டையோடு போய்ப் படிவம் நிரப்பிக் கொடுங்கள். அதற்கு முன்னால் வீட்டிலேயே காப்பகத்தின் இணையதளமான 'அபிலேக் படல்' தளத்தில் பதிவு செய்து தேடுங்கள். ஸ்கேன் ஆன கோப்பு என்றால் வேட்டியோடு உட்கார்ந்தே படிக்கலாம், ஜன்பத் வரை போக வேண்டாம். ஸ்கேன் ஆகாததற்குத்தான் கோப்பைக் கேட்டு எழுதிக் கொடுக்கும் சீட்டு: துறை, கிளை, வருஷம், மாதம், எண். சீட்டு 'என்.டி.' என்று திரும்பி வந்தால் அந்தத் துறை கோப்பை இங்கே ஒப்படைக்கவே இல்லை என்று அர்த்தம். 'பிரிட்டில்' என்று வந்தால் காகிதம் தொட்டால் உதிரும் நிலை. இரண்டுக்கும் மனம் தளர வேண்டாம், பக்கத்து எண்ணைக் கேளுங்கள்.

ஆர்.கே.புரம் வாசகர்: எங்கள் தாத்தா 1930களில் கும்பகோணத்திலிருந்து வந்து செக்ரடேரியட்டில் கிளார்க். கோடையில் சிம்லா போவாராம். அவர் பெயர் எங்காவது இருக்குமா சார்?

இதைத்தான் எல்லோரிடமும் சொல்கிறேன். ஒரு மனிதர் வாழ்ந்தார் என்பதற்காகச் சர்க்கார் காகிதம் எழுதவில்லை. சர்க்காரோடு அவர் எங்கே உரசினார் என்று பாருங்கள். சம்பளமா, நிலவரியா, ஜெயிலா, கப்பலா? உங்கள் தாத்தா சம்பளம் வாங்கியவர். அதனால் அவருடைய துறையில் ஊழியர் விவகாரம் பார்த்த 'எஸ்டாப்ளிஷ்மென்ட்' கிளையில் தேடுங்கள். கிளார்க்கின் பதவி உயர்வு மனு, குவார்ட்டர்ஸ் தகராறு, சிம்லா அலவன்ஸ் கேட்டு எழுதிய கடிதம் எல்லாம் பெரும்பாலும் அங்கே கிடக்கும். நம் ஆட்கள் மனு எழுதுவதில் சளைத்தவர்களா என்ன! சர்வீஸ் புக் மட்டும் எதிர்பார்க்காதீர்கள், அது காலம் தாண்டினால் அழிக்கிற ரகம்.

எழுத்துக்கூட்டலும் காலை வாரும். என் பெரிய தாத்தாவை 'ராமசுவாமி' என்றே 6 மாதம் தேடினேன். ஒரு நாள் சலித்துப்போய் 'ராம்சாமி' என்று அடித்தேன். இரண்டாவது வரியில் உட்கார்ந்திருந்தார்.

துவாரகா வாசகி: தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஒருவர் 'நாம் சொந்தம்' என்று எழுதியிருக்கிறார். பூட்டனார் கூலியாகக் கப்பலேறியபோது கொடுத்த எமிக்ரேஷன் எண் வைத்திருக்கிறார். நம்பலாமா அண்ணா?

எண் இருந்தால் நம்பத் தொடங்கலாம். மதராஸிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிக் கப்பல் 'ட்ரூரோ' 1860 நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. 1911 வரை டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்குப் போனவர்கள் 1,52,184 பேர், பெரும்பாலோர் மதராஸ் வழியாக. கப்பல் பட்டியலில் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், தாலுகா, ஜில்லா, உயரம், உடம்பில் உள்ள தழும்பு வரை இருக்கும். அவரிடம் அந்த முழு வரியையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 'முனுசாமி' 'மூன்சாமி' ஆனது அங்கே சகஜம், அதனால் பெயரை விட்டு ஊரைப் பிடியுங்கள்.

டெல்லியில் கிடைப்பது வேறு. எமிக்ரேஷன் கிளைக் கோப்புகளில் தரகர்கள் மேல் புகார், கப்பலில் சாவு, திரும்பி வந்தவர்களின் கதை இருக்கும். உங்கள் பூட்டனாரின் பெயர் கிடைப்பது அதிர்ஷ்டம், அவரைப் போன்றவர்கள் ஏன் போனார்கள் என்பது கிடைப்பது நிச்சயம். அந்த டர்பன்காரர் நேரில் வர விரும்பினால், வெளிநாட்டுக்காரர் என்பதால் தூதரகக் கடிதம் வாங்கி வரச் சொல்லுங்கள்.

முனிர்கா வாசகர்: எங்கள் ஊர் நிலத்தை வைத்து 5 தலைமுறை கண்டுபிடிக்க முடியுமா?

அதற்கு டெல்லி வேண்டாம், எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். உங்கள் குடும்பத்துக்கு இனாம் நிலம் (வரியைத் தள்ளியோ குறைத்தோ கொடுத்த மானிய நிலம்) இருந்திருந்தால் யோகம். 1860களில் இனாம் கமிஷன் ஊர் ஊராக எழுதிய பதிவேட்டில், முதலில் நிலம் பெற்றவர் யார், அப்போது அனுபவித்தவர் பெயர், வயது, இருவருக்கும் என்ன உறவு, வாரிசு யார் என்று கட்டம் போட்டு எழுதியிருக்கும். ஒரே பக்கத்தில் 3 தலைமுறை! சிறு கிராமத்துக் கைவினைஞர், கோயில் ஊழியர் நிலமும் அதில் வரும். நிலமே இல்லாதவர்கள் அங்கே இருக்க மாட்டார்கள். அவர்களில் சிலரைத்தான் துவாரகா அம்மாவுக்குச் சொன்ன கப்பல் பட்டியலில் தேட வேண்டியிருக்கிறது. எழுதும்போதே ஒரு மாதிரி இருக்கிறது.

கல்லூரி மாணவி: 1931 மக்கள்தொகைக் கணக்கில் தாத்தா பெயர் பார்க்கலாமா அங்கிள்?

முடியாதும்மா. அமெரிக்காவில் 72 வருஷம் கழித்துப் பெயரோடு திறந்துவிடுகிறார்கள், 1950 கணக்கு 2022 ஏப்ரலில் வந்தது. நம் நாட்டில் 1948 சட்டப்படி தனிநபர் விவரம் யாருக்கும் காட்டுவதில்லை. நமக்குக் கிடைப்பது கூட்டுத்தொகை அட்டவணைதான்.

இன்னொருவர்: பெரியப்பா மலாயா தோட்டத்திலிருந்து ஐ.என்.ஏ.வில் (நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம்) சேர்ந்தாராம்.

பாதுகாப்பு அமைச்சகம் 1997-ல் ஐ.என்.ஏ. கோப்புகள் 990-ஐ ஜன்பத்துக்குக் கொடுத்தது. அங்கே தேடுங்கள். சுதந்திரப் போராட்ட ஓய்வூதியத்துக்கு அவர் விண்ணப்பித்திருந்தால், அதற்கு 10 ரூபாய் கட்டி உள்துறைக்கு ஆர்.டி.ஐ. (தகவல் உரிமை மனு) போடலாம்.

பஞ்சாபிப் பக்கத்து வீட்டுக்காரர் ஹரித்வாரில் 7 தலைமுறை பார்த்தாராமே?

அது பண்டாக்கள் என்னும் தீர்த்தப் புரோகிதர்களின் சொந்தப் புத்தகம், சர்க்காருடையது இல்லை. நம் வீட்டில் யாராவது காசி, கயா போய்ச் சிராத்தம் செய்திருந்தால் அந்த வீட்டுப் புரோகிதரை விசாரியுங்கள்.

வருகிற புதன்கிழமை நான் ஜன்பத் போகிறேன். வருபவர்கள் காலை பத்து மணிக்கு வாசலில் நில்லுங்கள், ஆதார் நகலும் இரண்டு பென்சிலும் கொண்டு வாருங்கள். பேனாவை வீட்டிலேயே விட்டு வந்துவிடுங்கள். மதியத்துக்குத் தயிர்சாதம் யாராவது கட்டிக் கொண்டு வந்தால் நான் மறுக்க மாட்டேன்.