குசினி மணம் ஜக்கெட்டில் ஏறினால்

தங்கச்சி, உங்கள் கேள்வியை ஒட்டுசுட்டானில் அம்மா வீட்டுத் திண்ணையில் இருந்துதான் வாசித்தேன். பொங்கலுக்கு வந்தேன், இன்னும் கனடாவுக்குத் திரும்பவில்லை. கிளிநொச்சியில் இருந்து கனடாவின் ஸ்காபரோவுக்கு வந்து மூன்று மாதம், பேஸ்மென்ட் வீடு, பஸ்ஸில் ஏறினால் உங்கள் ஜக்கெட்டில் கறி மணம் உங்களுக்கே அடிக்கிறது, ஸ்பிரே அடித்தால் மகன் இருமுகிறான், ஊரில் வீடு இப்படி மணந்ததில்லையே, இயற்கையாக என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தீர்கள்.

ஊரில் ஏன் மணக்கவில்லை என்பதற்கு விடை என் கண்முன்னேயே இருக்கிறது. அம்மாவுக்கு வீட்டுத்திட்டத்தில் கிடைத்த கல்வீட்டுக்குள் ஓடு பதித்த குசினி உண்டு. அங்கே தேத்தண்ணி மட்டும்தான் வைப்பார். மீனும் தாளிதமும் பின்பக்கக் கொட்டிலில், விறகடுப்பில். கொட்டிலுக்குப் பாதிச் சுவர், மேலே கிடுகு. புகை வந்த வழியே போய்விடும். நாங்கள் சாம்பிராணியும் மஞ்சள் தண்ணியும்தான் வீட்டைச் சுத்தமாக வைத்தன என்று நினைத்திருந்தோம். உண்மையில் வேலை செய்தது காற்று. 2009இல் செட்டிகுளம் அகதி முகாமில் கூடாரத்துக்குள் இருந்தவர்களுக்கு இது தெரியும், சரி, அந்தக் கதை இப்போது வேண்டாம்.

ஆகவே முதல் வேலை ஜக்கெட்டைக் காப்பாற்றுவது. தாளிக்கும்போது பறக்கும் எண்ணெய்த் துளிகள் கண்ணுக்குத் தெரியாமல் துணியில் போய் ஒட்டும். அந்த எண்ணெய்தான் மணத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. ஜக்கெட், சால்வை, மகனின் பள்ளிப் பை எல்லாவற்றையும் அலுமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு அடுப்பைப் பற்ற வையுங்கள். படுக்கையறைக் கதவையும் சாத்துங்கள். பேஸ்மென்டில் வாசலுக்குப் பக்கத்திலேயே அடுப்பும் இருக்கும், ஜக்கெட் கொளுவியும் இருக்கும். முதலில் அந்தக் கொளுவியை இடம் மாற்றுங்கள்.

அடுப்புக்கு மேலே இருக்கும் ஃபான் காற்றை வெளியே தள்ளுகிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் அது இழுத்த காற்றையே திரும்ப முகத்தில் ஊதும். அப்படியென்றால் அதை நம்ப வேண்டாம், குளியலறை ஃபானையும் சேர்த்துப் போடுங்கள். சமையல் முடிந்ததும் எதிரெதிரே இருக்கும் இரண்டு யன்னல்களை, இல்லாவிட்டால் யன்னலையும் கதவையும், ஐந்து, பத்து நிமிடம் நன்றாகத் திறந்துவிடுங்கள். வின்டரில் சூடு போய்விடும் என்று பயப்படாதீர்கள். சுவரும் தளபாடமும் சூட்டைப் பிடித்து வைத்திருப்பதால், மூடியதும் வீடு கெதியில் பழைய நிலைக்கு வரும். நாள் முழுக்க யன்னலைச் சாடையாகத் திறந்து வைப்பதைவிட இது நல்லது.

மீனுக்கு அம்மாவின் முறைதான். கடல்மீன் பழசாகப் பழசாக அதில் அமீன் வகை இரசாயனப் பொருள் ஒன்று உண்டாகும், அதுதான் அந்தக் கவுச்சி. புளிப்புப் பட்டால் அது உப்பாக மாறிக் காற்றில் எழும்ப முடியாமல் போகும். தேசிக்காயோ பழப்புளியோ தேய்த்து மீனைக் கழுவுவதன் சூட்சுமம் இதுதான். வெட்டும் பலகை, கத்தி, கை எல்லாவற்றுக்கும் அதே தேசிக்காய்க் கோதே போதும். மீன் கழிவை குப்பை எடுக்கும் நாள்வரை பையில் கட்டி ஃபிறீசரில் வையுங்கள். சமைத்த பிறகு ஒரு சட்டித் தண்ணீரில் கொஞ்சம் வினாகிரி விட்டு மெல்லக் கொதிக்க வைத்தால் மிச்ச மணமும் குறையும். புளித்த பால், வியர்வை, சப்பாத்து போன்றவற்றுக்கு அப்பச்சோடா. ஃபிறிச்சுக்குள் ஒரு கிண்ணம் திறந்து வையுங்கள், கார்பெட்டில் இரவில் தூவிக் காலையில் வக்கூமால் இழுத்தெடுங்கள். வினாகிரியையும் அப்பச்சோடாவையும் கலந்தால் நுரைப்பதைப் பார்த்து ஏதோ பெரிதாக நடக்கிறது என்று நினைக்கிறார்கள். ஒன்றை ஒன்று அழித்துவிட்டு உப்புத் தண்ணிதான் மிஞ்சும். வினாகிரியை பிளீச்சோடு மட்டும் எந்தக் காரணத்துக்கும் கலக்காதீர்கள், நச்சு வாயு வரும்.

சாம்பிராணி கேட்பீர்கள், எனக்குத் தெரியும். நான் வந்த முதல் வருடம் ஒரு வெள்ளிக்கிழமை பதினோராம் மாடியில் ஆசையாகப் புகை போட்டேன். புகை அலாரம் அடித்து, முழுக் கட்டிடமும் படியால் இறங்கிப் பனிக்குள் நின்றது. கீழ்வீட்டுக் கிழவர் செருப்போடு நின்றதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. புகை காற்றைச் சுத்தம் செய்யாது தங்கச்சி, இருமும் பிள்ளைக்கு ஸ்பிரேயும் புகையும் ஒன்றுதான். சிரட்டைத் தணலைப் பேஸ்மென்டுக்குள் கொண்டு போகவே வேண்டாம். அதில் வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமே இல்லை, ஆளைக் கொன்றுவிடும். விளக்கு வைத்து ஒரு மல்லிகைப் பூவோ துளசியோ வையுங்கள், சாமி கோபிக்காது.

நல்ல மணம் வேண்டுமென்றால் தோடம்பழத் தோல், ஒரு துண்டுக் கறுவா, நாலு கராம்பு, கிடைத்தால் ரம்பை இலை போட்டுச் சிறு தீயில் கொதிக்க விடுங்கள். தண்ணி வற்றுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். யன்னல் திறந்த பிறகு இது அழகு. திறக்காமல் செய்தால் கறி மணத்தோடு கறுவா மணமும் சேரும், அவ்வளவுதான்.

சமைக்காத நாளிலும் ஊத்தை மணம் வந்தால் அது ஈரம். பேஸ்மென்டில் ஈரப்பதம் 30 முதல் 50 வீதத்துக்குள் இருக்க வேண்டும், அளக்கும் சின்னக் கருவி மலிவு. ஈர உடுப்பை உள்ளே காயப்போடாதீர்கள். நிலத்தில் பாவிக்காத வடிகால் வாய் இருந்தால் அதற்குள் ஒரு வாளி தண்ணி ஊற்றுங்கள். உள்ளே வளைந்த குழாயில் நிற்கும் தண்ணிதான் சாக்கடைக் காற்றைத் தடுக்கிறது, அது வற்றினால் மணம் மேலே வரும். சுவரில் கறுப்புப் புள்ளி கண்டால் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு எழுத்தில் அனுப்புங்கள், வாயால் சொல்லி விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று, வீட்டுக்குள்ளேயே இருந்தால் மூக்குப் பழகிவிடும். வெளியே போய் வந்து கதவைத் திறக்கும் அந்த நிமிடம்தான் சரியான சோதனை.

அம்மா முல்லைத்தீவுக் கருவாடு கட்டிக்கொண்டிருக்கிறார். உங்களுக்கும் ஒரு பொதி வரும். அதை மட்டும் பேஸ்மென்டில் பொரிக்காதீர்கள், என் வீட்டுக்கு வாருங்கள். பின்வளவில் பாபிக்கியூ அடுப்பு இருக்கிறது, வின்டரில் அங்கே நின்று பொரிக்கவென்றே ஒரு பழைய ஜக்கெட்டும் வைத்திருக்கிறேன். பிள்ளைகள் அதை மீன் ஜக்கெட் என்பார்கள். அது வெளியே ஆணியில்தான் தொங்கும்.