தோடி காந்தாரத்தை ரோபோவுக்கு எப்படிச் சொல்வது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் கோயிலில் தினசரி தீபாராதனைக்கு மோட்டார் மேளம்தான். நாதஸ்வரம் திருவிழாவுக்கு மட்டும். ரோபோ வயலின் வாசிக்கும் வீடியோவைக் காட்டி, "இனி நாதஸ்வரத்துக்கும் இதுதான்" என்கிறான் என் மகன். இயந்திரம் மனிதர் மாதிரி உருகி வாசிக்குமா?
ஒரு வாசகர், யாங்கூன்

அன்புள்ள நண்பருக்கு,

மோட்டார் மேளத்தை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். நிமிடத்துக்கு 1440 சுற்று ஓடும் மோட்டாரை 24-க்கு 1 என்று குறைத்தால் 60 சுற்று. கோலைத் தூக்கிவிடும் கேமில் (மேடு வைத்த சுழல் தகட்டில்) இரண்டு மேடு இருந்தால் 120 அடி. கற்பூரம் ஏற்றும்போதும் 120, அணையும்போதும் 120. மழைக்காலத்தில் தோல் தளர்ந்து ஒலி 'தொப்'பென்று போனாலும் அதற்குத் தெரியாது.

வயலின் ரோபோ அப்படியல்ல. டொயோட்டா 2007-இல் காட்டியது 152 செ.மீ. உயரம், கைகளில் 17 மூட்டுகள்; விரலை அசைத்து வைப்ரட்டோகூட (சுரத்தின் மெல்லிய நடுக்கம்) கொடுத்தது. ஜப்பானின் வசேதா பல்கலைக்கழகம் 1990 முதல் செய்துவரும் புல்லாங்குழல் ரோபோவுக்கு நுரையீரல், உதடு, நாக்கு எல்லாம் உண்டு. கைவேலையும் மூச்சுவேலையும் பெருமளவு கைகூடிவிட்டன என்றே சொல்வேன். சிக்கல் காதில்.

தோடி ராகத்தின் காந்தாரம், அதாவது 'க' சுரம், ஓரிடத்தில் நிற்காது. ரிஷபத்துக்கும் ('ரி') மத்யமத்துக்கும் ('ம') இடையே ஆடும். நாதஸ்வரத்தில் அந்த ஆட்டத்தை விரல் கொஞ்சம், உதடு கொஞ்சம், மூச்சு மீதி என்று பிரித்துச் செய்கிறார்கள். ஒரு வித்வானின் வாசிப்பை அளந்து ரோபோவுக்குக் கொடுத்தால் ஒருமுறை சரியாக வரும். பிறகு வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டான சீவாளி ஈரத்தில் ஊறி இளகும்; அதே அழுத்தத்துக்கு வேறு சுருதி பேசும். வித்வான் கேட்ட மாத்திரத்தில் உதட்டின் கடியை மாற்றுவார், சரிப்படாவிட்டால் சீவாளியையே மாற்றுவார். ரோபோவுக்கும் மைக் வைத்துக் காற்றைத் திருத்தலாம்தான். ஆனால் ஆடும் சுரத்தில் எது பிசகு, எது கமகம் (வேண்டுமென்றே கொடுக்கும் அசைவு)? அளவுகருவி சராசரி எடுத்துத் திருத்தினால் ஆட்டம் அடங்கி, செத்த காந்தாரம் ஒன்று மிஞ்சும்.

உங்கள் ஊர் மேளக் கச்சேரியான சைங் வைங்கையே பாருங்கள். வட்டமாகத் தொங்கும் 21 மேளங்களையும் அடிக்க இயந்திரக் கை செய்வது பெரிய வித்தையல்ல. கணினி இசைக்கருவிகளுக்குக் கட்டளை அனுப்பும் மிடி முறையில் அடியின் பலத்தை 127 வரை படி பிரித்துச் சொல்லலாம். ஆனால் தோலில் அப்பிய சோறும் சாம்பலும் கலந்த பசை காயக் காய சுருதி நகரும். வாசிப்பவர் காதால் கண்டு பசையைக் கூட்டிக் குறைப்பார்.

கேட்டு வாசிக்கும் ரோபோவும் இருக்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் உருவான ஷிமோன், உடன் வாசிப்பவரைக் கேட்டு, மரக்கட்டைகளை வரிசையாக அடுக்கிய மரிம்பாவில் மறுமொழி சொல்லும். மரிம்பாவில் கட்டையைத் தட்டினால் சுரம் முடிந்தது, வளைக்க வழியில்லை. அதனால்தான் அங்கே அது முதலில் சாத்தியமாயிற்று என்பது என் எண்ணம். நாதஸ்வரத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

மகன் அடுத்த வீடியோ காட்டும்போது இரண்டு விஷயம் பார்க்கச் சொல்லுங்கள். உடன் வாசிப்பவர் நடுவில் காலப்பிரமாணத்தை (வேகத்தை) மாற்றினால் ரோபோ தொடர்கிறதா? வேறு சீவாளி செருகிக் கொடுத்தால், புதிதாக நிரல் எழுதாமலே சுருதி சேர்கிறதா?