வாசகர் கேள்வி – பதில்: வார்டில் இல்லாத மானிட்டர் கணக்கில் எங்கே?

கேள்வி: சென்னையிலுள்ள ஓர் அரசு மருத்துவமனையில் என் தாயாரைச் சேர்த்திருந்தபோது, நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் காட்டும் மானிட்டர் வேறு வார்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். அங்கே விசாரித்தால், வரவே இல்லை என்கிறார்கள். மக்கள் பணத்தில் வாங்கிய கருவி காணாமல் போனால் யார் பதில் சொல்ல வேண்டும்?
– ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: அரசு மருத்துவமனைகளுக்கு மருந்துகளையும் கருவிகளையும் கொள்முதல் செய்து தருவது, 1994-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். ஆனால் கருவி வந்து சேர்ந்து, ஸ்டோரின் இருப்புப் பதிவேட்டில் ஏறிய பிறகு, அதைக் காப்பாற்றும் பொறுப்பு அந்த மருத்துவமனை நிர்வாகத்தையே சேரும். இண்டென்ட் (தேவைப் படிவம்) போட்டு வார்டுக்கு எடுத்துச் சென்றால் வார்டின் பதிவேட்டில் வரவு வைக்க வேண்டும். பொறுப்புச் செவிலியர் மாறும்போது ஒவ்வொன்றையும் எண்ணிக் கையெழுத்திட்டு ஒப்படைக்க வேண்டும்.

கணக்கு அறுபடுவது பெரும்பாலும் இந்தக் கைமாற்றங்களில்தான். நள்ளிரவில் ஒரு நோயாளிக்கு மூச்சுத் திணறும்போது பக்கத்து வார்டு மானிட்டரைத் தள்ளிக்கொண்டு போவதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் மறுநாள் காலையில் அதைப் பற்றி ஒரு வரி எழுதப்படாவிட்டால், அடுத்த மாதமே அந்தக் கருவி யாருடையது என்று தெரியாமல் போய்விடும். பழுதுபார்க்க வெளியே அனுப்பியதற்கு ரசீது இல்லாமற்போவதும் உண்டு. நன்கொடையாக வந்தவற்றின் நிலை இன்னும் மோசம். நேராக வார்டுக்கே போய்விட்ட கருவி பதிவேட்டில் ஏறியிருக்காது. ஏறாத பொருளைக் காணவில்லை என்று புகார் கொடுக்கவும் வழியில்லை.

கட்டடத்தை விட்டு வெளியே போகாமலே தொலைந்த கருவிகளும் ஏராளம். மருத்துவக் கருவிகள் பராமரிப்புத் திட்டத்துக்காக நாடு முழுவதும் எடுத்த கணக்கெடுப்பில், மாநிலத்துக்கு மாநிலம் 13 முதல் 34 விழுக்காடு வரை கருவிகள் இயங்காமல் கிடந்தது தெரியவந்தது.

தொலைந்த கருவியின் விலையைப் பொறுப்பிலிருந்த செவிலியரின் சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கோப்பை மூடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அப்படிச் செய்தால் இழப்பை உடனே சொல்ல எவரும் முன்வர மாட்டார்கள். கருவியும் நோயாளிக்குப் பயன்படாமல் பீரோவில் பூட்டப்பட்டுவிடும். முதலில் விசாரிக்க வேண்டியது, ஆண்டுதோறும் நடக்க வேண்டிய நேரடி இருப்புச் சரிபார்ப்பை உரிய அதிகாரி செய்தாரா என்பதைத்தான்.

தாங்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அந்த மருத்துவமனையின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பிக்கலாம். "ஏன் காணவில்லை?" என்று கேட்டால் விளக்கம் தர அவர் கட்டுப்பட்டவரல்லர். ஆகவே ஆவணங்களையே கேளுங்கள்: அந்த வார்டின் மானிட்டர்கள் பதிவான இருப்புப் பதிவேட்டுப் பக்கங்கள், கடைசியாக நடந்த இருப்புச் சரிபார்ப்பு அறிக்கை, பயனற்றவை எனக் கழித்த கருவிகளுக்கான உத்தரவு ஆகியவற்றின் நகல்கள். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். அதன் முடிவிலும் நிறைவில்லையென்றால் 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தை அணுகலாம்.

பதிவேட்டில் இடம்பெற்றும், சரிபார்ப்பிலும் கழிவு உத்தரவிலும் இல்லாத கருவி ஏதேனும் தென்பட்டால், அது குறித்துக் காவல் நிலையத்தில் அளித்த புகாரின் நகலைக் கேட்டு அடுத்த விண்ணப்பத்தை அனுப்புங்கள்.