சரித்திரக் கதைகளில் பௌத்த மலைக்கோயில் அடிக்கடி வருவது ஏன்?

மலையைக் குடைந்தோ மலைமேல் கட்டியோ பிக்குகள் தங்கிய விகாரை, கூடவே கும்பிட ஒரு தூபி, இதுதான் பௌத்த மலைக்கோயில். மழைக்காலத்தில் அலையாமல் ஓரிடத்தில் தங்குவது பிக்குகளுக்கு விதி, அதற்குக் குகை வசதி. ஆனால் சாப்பாடு பிச்சைதான், அதையும் நண்பகலுக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும், அதனால் ஊரை விட்டு ரொம்பத் தூரம் போக முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலை விகாரைகள் பல வணிகப் பாதையை ஒட்டியே இருக்கின்றன. மகாராஷ்டிரத்தில் இருக்கும் கார்லே குகையில் தூண் கொடுத்த யவனர்களின் பெயர்கூட அந்தத் தூண்களிலேயே வெட்டியிருக்கிறது.

கதை எழுதுபவருக்கு வேறென்ன வேண்டும்? புதுச்சேரி பேருந்து நிலைய டீக்கடை மாதிரி, ஒற்றனோ வணிகனோ யார் வந்து உட்கார்ந்தாலும் ஏன் வந்தாய் என்று கேட்க ஆளில்லை, எல்லா ஊர்ச் செய்தியும் வந்து சேரும்.

வெறும் தியானமும் மணியோசையும் எழுதினால் சப்பென்று இருக்கும். இலங்கை மிகிந்தலையில் சோறு கொட்டி வைத்த நீளமான கல்தொட்டி இன்னும் கிடக்கிறது, அங்குள்ள 10ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில் வேலையாட்களின் கூலி வரை இருக்கிறது. சமையல்காரனும் கணக்கு எழுதுபவனும் கதைக்குள் வரட்டுமே!

அப்புறம், கடலூரைக் களமாக வைப்பவர்கள் கவனிக்க: அப்பர் இருந்ததாகப் பெரியபுராணம் சொல்லும் திருப்பாதிரிப்புலியூர் மடம் சமணருடையது, பலர் நினைப்பது போல பௌத்த விகாரை இல்லை.