முக்காலியில் நின்றவர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு ஹட்டியில் (எங்கள் பக்கத்துச் சிற்றூர்) சிறிய தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறேன். இதய நோய் ஆராய்ச்சியாளர்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை என் மகள்தான் அனுப்பினாள். அவள் உயிர்வேதியியலில் முதுகலை முடித்து, பெங்களூரில் ஓர் இதய நோய் ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. இரத்த மாதிரிக் குப்பிகளுக்கு லேபிள் ஒட்டுவது, மாதிரிகளை இயந்திரத்தில் சுழற்றிப் பிரிப்பது, எடுத்து வைப்பது என்று நாள் முழுக்க அதே வேலை என்கிறாள். என் தகப்பனார் 52 வயதில் நெஞ்சுவலி வந்து, மேட்டுப்பாளையம் இறங்கும் வழியில் ஜீப்பிலேயே போய்விட்டார். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவள் தேடிப்போன வேலை இது. ஊரில் ‘இதற்கா இவ்வளவு படிக்க வைத்தாய்?’ என்று கேட்கிறார்கள். உங்கள் கட்டுரையிலும் தலைமை விஞ்ஞானிகளைத் தவிர யாரும் இல்லை. அவள் செய்வது ஆராய்ச்சியா, எடுபிடி வேலையா?

ம., கோத்தகிரி

அன்புள்ள ம.,

உங்கள் மகள் செய்வது ஆராய்ச்சிதான். என் கட்டுரையில் அவரைப் போன்றவர்கள் இடம்பெறாமல் போனது என் பிழை. பரிசு பெற்றவர்களின் வாழ்க்கைக் குறிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு எழுதியதால் நேர்ந்த பிழை அது. எழுதாமல் விட்டதில் ஒரு பகுதியையாவது இங்கே எழுதிவிடுகிறேன்.

அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்தைச் சேர்ந்த விவியன் தாமஸ் என்ற கறுப்பின இளைஞருக்கு, 1929ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியில் தச்சு வேலை போயிற்று. அடுத்த ஆண்டு ஆல்பிரட் பிளாலக் என்ற அறுவை மருத்துவரின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். மருத்துவம் படிப்பதற்காக அவர் சேர்த்து வைத்திருந்த பணமும் அதே ஆண்டில் வங்கியோடு மூழ்கிவிட்டது. பதிவேட்டில் அவரைத் துப்புரவுப் பணியாளர் வகையில் சேர்த்து அந்தச் சம்பளத்தைத்தான் கொடுத்தார்கள். ஆனால் சோதனைகளைத் திட்டமிட்டு, விலங்குகளுக்கு அறுவை செய்து, அளவுகளைப் பதிவு செய்துகொண்டிருந்தவர் அவர். 1941இல் இருவரும் பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு வந்தபோது, அங்கே குழந்தைகளின் இதய மருத்துவரான ஹெலன் டாசிக் ஒரு கேள்வியோடு காத்திருந்தார். பிறவியிலேயே இதயக் கோளாறு கொண்டு, நுரையீரலுக்குப் போதிய இரத்தம் போகாமல், உதடும் நகமும் நீலம் பாரித்துப் போகும் குழந்தைகளுக்குப் புதிதாக ஓர் இரத்தப் பாதை அமைத்துத் தர முடியுமா என்பதே அந்தக் கேள்வி.

அதற்கு விடை கண்ட கைகளில் முதன்மையானவை தாமஸின் கைகள். கைக்குப் போகும் தமனியைத் திருப்பி நுரையீரல் தமனியோடு தைக்கும் முறையை நாய்களிடம் திரும்பத் திரும்பச் செய்து தேர்ச்சி பெற்றவர் அவர்தான். அத்தனை சிறிய நாளங்களுக்கு ஏற்ற கருவிகளை மாற்றி அமைத்தவரும் அவர்தான். 1944 நவம்பர் 29 அன்று பதினைந்து மாதப் பெண் குழந்தை ஒன்றுக்கு முதல் அறுவை நடந்தபோது, பிளாலக் அந்த அறுவையைச் செய்வதற்கு, தம் தோளுக்குப் பின்னால் ஒரு முக்காலியில் தாமஸ் நின்றே ஆக வேண்டும் என்றார். தையல் எந்தத் திசையில் போக வேண்டும், இடைவெளி சரியாக இருக்கிறதா என்று அவர் அங்கிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். மனிதருக்கு அறுவை செய்யும் உரிமை அவருக்கு இல்லை. ஆனால் அந்த அறையில் அந்த அறுவையை முழுமையாகச் செய்து பழகியவர் அவர் ஒருவர்தான். 1945இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையில் பிளாலக், டாசிக் என்ற இரண்டு பெயர்களே இருந்தன. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் தாமஸுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது 1976இல். மூன்று பெயர்களையும் சேர்த்து அந்த அறுவையைச் சொல்லும் வழக்கம் அதற்கும் பிறகுதான் வந்தது. இந்தத் தாமதம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

நம் பக்கத்து உதாரணமும் உண்டு. சிறுவயதில் தொண்டைப் புண்ணோடு தொடங்கும் கீல்வாதக் காய்ச்சல், இதய வால்வுகளைக் கெடுத்துவிடும். வெளிநாட்டுச் செயற்கை வால்வுகளின் விலை நம்மவர்களுக்கு எட்டாமல் இருந்த காலத்தில், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் இதய அறுவை மருத்துவர் வலியத்தான் தலைமையில் உள்நாட்டு வால்வுக்கான வேலை தொடங்கியது. முதல் மூன்று வடிவங்களும் தோற்று, நான்காவது வடிவமே நிலைத்தது. அது 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இதயம் ஆண்டுக்கு ஏறத்தாழ நான்கு கோடி முறை துடிக்கிறது என்றால், வால்வின் தட்டும் நான்கு கோடி முறை திறந்து மூட வேண்டும். சொரசொரப்பு இருக்கும் இடத்தில் இரத்தம் உறையத் தொடங்கும் என்பதால் அதன் பரப்பு வழவழப்பாக இருக்க வேண்டும். சோதனை இயந்திரத்தின் முன் அமர்ந்து தேய்மானத்தை அளந்தவர்களும், வால்வு பொருத்திய செம்மறியாடுகளைப் பராமரித்தவர்களும் இல்லாமல், மூன்று முறை தோற்ற காரணங்கள் வெளிப்பட்டிருக்காது.

குன்னூரில் இருந்துகொண்டு இதை எழுதும்போது, இங்கே பாஸ்டர் நிறுவனத்தில் 1918இல் ஒற்றை அறையில் தொடங்கிய ஊட்டச்சத்து ஆய்வு நினைவுக்கு வருகிறது. 1958இல் ஐதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருப்பது அதுவே. பல வட்டார மக்களின் உணவை எலிகளுக்குக் கொடுத்து ஒப்பிட்ட, அந்த ஆய்வைத் தொடங்கிய மருத்துவர் ராபர்ட் மெக்காரிசனின் பெயர் புத்தகங்களில் நிலைத்துவிட்டது. எலி ஒவ்வொன்றுக்கும் தீனியை நிறுத்துப் போட்டுக் கூண்டைக் கழுவியவர்களை யாரும் எழுதவில்லை. தீனி ஒரு நாள் மாறியிருந்தால் அந்த ஒப்பீட்டுக்கு மதிப்பே இருந்திருக்காது.

இனி லேபிள் ஒட்டும் வேலைக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு கோவையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்திருக்க எனக்கு அனுமதி கிடைத்தது. அங்கே இருந்த டெக்னீஷியன் பெண், எடுத்த இரத்தத்தை அரை மணி நேரம் உறையவிட்டு, சுழற்றி, மேலே தெளிந்து நின்ற வைக்கோல் நிறச் சீரத்தை, அடியில் இருக்கும் செல்கள் கலங்காமல் உறிஞ்சிச் சிறு குப்பிகளில் பிரித்தார். பிரிக்கத் தாமதமானால் செல்கள் சர்க்கரையைத் தின்றுவிடும், அப்புறம் வரும் எண் அந்த நோயாளியின் எண்ணாக இருக்காது என்று, கண்ணை எடுக்காமலே எனக்கு விளக்கினார். பிறகு மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரைத் திறக்கப் போனவர் நின்றுவிட்டார். முந்தைய இரவு மின்சாரம் போய், வெப்பம் ஏறி இறங்கியிருந்ததை அதன் பதிவுத்தாள் காட்டியது. காலையில் வந்த வேறு யாரும் அதைப் பார்த்திருக்கவில்லை. பல மாதங்களாகச் சேர்த்த மாதிரிகள் உள்ளே இருந்தன. அவர் நோட்டில் நேரத்தோடு எழுதிக் கையெழுத்திட்டு, இரண்டு அடுக்குகளைத் தனியே எடுத்து வைத்து, தலைவரிடம் போய்ச் சொன்னார். தலைவரின் முகம் மாறியது. ‘இதைப் பயன்படுத்த வேண்டாம் சார்’ என்று மட்டும் அவர் மறுபடியும் சொன்னார். அவர் சொன்னபடியே அந்த மாதிரிகளை ஒதுக்கினார்கள். அந்த ஆய்வின் முடிவை இன்று ஒரு மருத்துவர் நம்புகிறார் என்றால், அவர் நம்புவது அந்தப் பெண்ணின் கையெழுத்தையும்தான்.

இன்னொரு கூட்டத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில் 1948இல் தொடங்கிய ஆய்வில் 5,209 பேர் சேர்ந்தார்கள். நோயாளிகளாக அல்லாமல் ஊர்க்காரர்களாகச் சேர்ந்து, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து கையை நீட்டி இரத்த அழுத்தம் காட்டினார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பின்னர் சேர்ந்தார்கள். வயதானால் அழுத்தம் ஏறுவது இயல்புதான் என்று மருத்துவர்களே எண்ணியிருந்த காலத்தில், உயர் இரத்த அழுத்தமும் கொழுப்பும் மாரடைப்புக்கு முன்னோடிகள் என்று உறுதிப்பட்டதில், அந்த ஊராரின் பொறுமைக்கும், அவர்களை விடாமல் தேடி அழைத்த செவிலியருக்கும், எழுத்தருக்கும் பெரும் பங்கு உண்டு.

உங்கள் மகளிடம் இரண்டு விஷயங்களைச் சொல்லுங்கள். தம் நோட்டில் தேதியையும் பெயரையும் தவறாமல் எழுதட்டும். கட்டுரை தயாராகும்போது, தம் பங்கு அதில் எப்படிக் குறிப்பிடப்படும் என்று தயங்காமல் கேட்கட்டும். கேட்பது உரிமை. நீங்களும் ஒருமுறை பெங்களூர் போய் அவருடைய மேசையைப் பாருங்கள். ஊருக்குச் சொல்ல வேண்டிய பதில் அங்கே கிடைக்கும்.

உங்களுக்காக ஒன்று. ஒருவரின் தந்தைக்கோ உடன்பிறந்த ஆணுக்கோ 55 வயதுக்கு முன் மாரடைப்பு வந்திருந்தால், அதை அவருடைய ஆபத்துக் கணக்கில் மருத்துவர்கள் சேர்த்துக்கொள்கிறார்கள். உங்கள் தந்தைக்கு நேர்ந்ததும் மாரடைப்பாகவே இருந்திருக்கக்கூடும். ஆகவே இந்த வாரம் இலை பறிப்பு முடிந்ததும் கோத்தகிரி அரசு மருத்துவமனைக்குப் போய், தந்தையின் வயதைச் சொல்லி, இரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். வரும் சீட்டை மகளுக்கு அனுப்புங்கள். அதில் உள்ள எண்களை அவர் உங்களுக்கு வாசித்துச் சொல்வார்.

அன்புடன்.